ஓர்பியஸும் மூன்று நாள் மழையும்

சென்ற மாதம் ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் என் மனைவியை விட்டுவிட்டு வந்தேன். குடும்பத் தகராறு ஒன்றுமில்லை; வெறும் மறதி. முருங்கைக்காயும் அரிசி மூட்டையுமாகக் கடையிலிருந்து காருக்கு நடந்தேன், மூட்டையைப் பின்னால் போட்டேன், ஏறி ஓட்டினேன். பக்கத்து வீட்டு நாய் ஓயாமல் குரைப்பதைப் பற்றி அவளிடம் விரிவாகச் சொல்லிக்கொண்டே இரண்டு சிக்னல் தாண்டினேன். அவள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். திரும்பிப் போனபோது கொத்தமல்லிக் கட்டோடு பஸ் தரிப்பிடத்தில் நின்றிருந்தாள். மறுநாளைக்குள் ஆக்லாந்துத் தமிழர்களில் பாதிப் பேருக்குச் செய்தி தெரிந்துவிட்டது.

"அசல் யாழ்ப்பாணத்து ஆம்பிளை," என்றார் நண்பர் ஒருவர். "மனுசியைப் பத்தடி பின்னால விட்டிட்டு நடக்கிற பரம்பரை."

நான் மறுக்கவில்லை. உண்மை இதைவிட வெட்கக்கேடானது. யாரோடு எங்கே போனாலும் நான் முன்னால் நடப்பேன். பின்னால் வருகிறவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கக் கழுத்து வராது. நாற்பதைத் தாண்டியவன், நாலு புத்தகம் படித்தவன், இதற்குக் காரணம் யாழ்ப்பாணம் அல்ல, கிரேக்கம் என்று நண்பரிடம் எப்படிச் சொல்வது?

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீடு ஒனிஹங்காவில் இருந்தது. கீழே கடலோரமாகப் போகிற சாலைக்கு ஓர்பியஸ் என்று பெயர். கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அந்தப் பக்கம் மங்கரே. அதற்கும் அப்பால் அப்பா சரக்கு ஏற்றி இறக்கிய விமான நிலையம். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மாவுக்கு வருத்தம் என்றார்கள்; நோய்க்கு எங்கள் ஊர்ச் சொல். வருத்தத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் வர வேண்டிய இடத்தில் பெரியம்மா இருமுவார், அப்பா ஜன்னலைப் பார்ப்பார். எங்கள் வீட்டில் தகவல் மேலிருந்து கீழே வரும். நான் மிகக் கீழே இருந்தேன். என்னிடம் வந்து சேரும்போது அது "வடிவாச் சாப்பிடு தம்பி" என்று ஆகியிருக்கும்.

பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவர். எங்களைப் பார்த்துக்கொள்ள வெலிங்டனிலிருந்து வந்திருந்தார். வந்த மூன்றாம் நாளே, டாக்டர்களுக்குப் பிடிபடாத காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: நாவூறு. அம்மாவின் தலைமயிர் இடுப்புக்குக் கீழே வரும். ஒரு கலியாண வீட்டில் யாரோ அதைத் தொட்டுப் பார்த்து "எவ்வளவு நீளம்" என்றார்களாம். பெரியம்மா உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து என் தலையை, அப்பாவின் தலையை, சட்டம் போட்ட அம்மாவின் படத்தைச் சுற்றி அடுப்பில் போட்டார். புகை அலாரம் அலறியது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தோட்டத்து நீர்க்குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். பெரியம்மா மிச்சமிருந்த மிளகாயால் அவரையும் ஒருமுறை சுற்றிவிட்டார்.

எரிந்து மிஞ்சியதைப் பேப்பரில் மடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு நாற்சந்திக்குப் போனார். நாற்சந்தியில் ஒரு ரவுண்டபவுட், அதன் நடுவில் நகரசபையின் பூச்செடிகள். பொட்டலத்தைச் செடிகளுக்குள் எறிந்தார்.

"திரும்பிப் பாக்காம வா. பாத்தியெண்டா எல்லாம் பின்னால வந்திடும்."

பின்னால் ஒரு லாரி நீளமாக ஹார்ன் அடித்தது. பெரியம்மாவின் கை என் பிடரியில் இருந்தது. நாங்கள் பார்க்கவில்லை.

அதே வாரம் பள்ளிக்கூடத்தில் மிஸ் எங்கள் பகுதித் தெருப் பெயர்களைப் பற்றிப் பாடம் எடுத்தார். ஓர்பியஸ் என்பது எங்கள் துறைமுக வாயிலில் மணல் திட்டில் மோதி மூழ்கிய ஒரு போர்க்கப்பலின் பெயராம். மூழ்கிய கப்பலின் பெயரை வண்டி ஓட்டுகிற சாலைக்கு வைப்பது விசித்திரம் என்று அப்போது எனக்குப் படவில்லை. கப்பலுக்கு அந்தப் பெயர் கிரேக்கப் பாடகன் ஒருவனிடமிருந்து வந்தது என்று சொல்லிவிட்டு மிஸ் அவனுடைய கதைக்குள் போனார். அதோடு என் நிம்மதி போனது.

அவனுடைய மனைவி பாம்பு கடித்து இறந்து போகிறாள். அவன் பாதாளத்துக்கு இறங்கிப் போய்ப் பாடுகிறான். அங்கே இருக்கிற ராஜா மனம் இளகி அவளை விட்டுவிடுகிறான், ஆனால் ஒரு நிபந்தனை. இவன் முன்னால் நடக்க வேண்டும், அவள் பின்னால் வருவாள், இரண்டு பேரும் வெயிலுக்கு வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. இவன் குகை வாயிலைத் தாண்டியதும் பார்த்துவிடுகிறான். இவன்தான் வெயிலில் நிற்கிறான். அவள் இன்னும் நிழலில். அவ்வளவுதான். போய்விடுகிறாள், இனி வரவே மாட்டாள்.

மிஸ் படத்தைக் காட்டினார். அவன் கையில் இருந்தது யாழ். எனக்கு அதைத் தெரியும். எங்கள் ஆட்கள் பொங்கல் விழாவுக்கு வாடகைக்கு எடுக்கிற மண்டபத்தில் தொங்கவிடும் திரையிலும் அதுதான் இருக்கும். யாழ் வாசித்த ஒரு பாணனுக்கு ராஜா பரிசாகக் கொடுத்த மணல்காடுதான் எங்கள் ஊர், அதனால்தான் யாழ்ப்பாணம் என்று பெயர் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். ஆகவே ஓர்பியஸ் ஏதோ ஒரு முறையில் எங்களுக்குச் சொந்தம் என்று தீர்மானித்தேன். மேலும், கிரேக்கர் சொன்னதையே பெரியம்மாவும் ரவுண்டபவுட்டில் வைத்துச் சொல்லியிருக்கிறார். ஒருவரையொருவர் சந்தித்தே இராத இரண்டு தரப்பு ஒரே விதியைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

நான் கையை உயர்த்தி, வெயில் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. காத்திருக்க வேண்டியதுதான் என்றார் மிஸ். ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்தவர், அந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் இருந்தது.

அம்மாவின் வார்டு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்தது. லிஃப்டில் இறங்கித்தான் போக வேண்டும். இதைப் பற்றி நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு வாரமாக நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலைச் சுற்றி நீலத் திரை இழுத்திருக்கும். நான் வெளியே ஒரு கதிரையில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கிருமி கொண்டு வருவார்கள் என்றார் அப்பா. கிருமிக்குத் திரை ஒரு தடையா என்று நான் கேட்கவில்லை. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் மட்டும் வரும். "சாப்பிட்டியே? கணக்குச் செய்தனியே?" நான் திரையைப் பார்த்துத் தலையாட்டுவேன். பிறகு நினைவு வந்து "ஓம்" என்பேன்.

அந்த ஞாயிறு பெரியம்மா, "சும்மா இருக்காம ஒரு தேவாரம் பாடடா, அம்மா கேக்கட்டும்," என்றார். என்ன நடக்கப் போகிறது என்பது அந்த வார்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைத் தேவார வகுப்பில் ஆசிரியர் என்னை வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார். இப்போது அது போதாது. எழுந்து நின்று, பாதாளம் முழுக்கக் கேட்கும்படி பாடினேன். மூன்றாம் வரி மறந்து முதல் வரியையே மறுபடி பாடினேன். எதிர்க் கட்டிலில் இருந்த சமோவாக்கார அம்மாள் உரத்த குரலில் "ஆமென்" என்றார். ஒரு நர்ஸ் ஓடி வந்து எட்டிப் பார்த்து, யாருக்கும் ஆபத்தில்லை என்று உறுதிசெய்துகொண்டு போனார். திரைக்குள்ளிருந்து மூக்கைச் சீறும் சத்தம் வந்தது.

செவ்வாய்க்கிழமை அப்பா தொலைபேசியை வைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு அம்மாவை விடுறாங்களாம்."

பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை. பாட்டு வேலை செய்துவிட்டது, இனி நிபந்தனை.

மறுநாள் மழை. ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் சக்கர நாற்காலியோடு வந்து திரையில் கை வைப்பதற்கு முன்பே நான் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். "நான் முன்னால போறன், நீங்கள் பின்னால வாங்கோ," என்று எதிர்ச் சுவரிடம் சொன்னேன். நாற்காலியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஓர்பியஸுக்கு இந்த வசதி இல்லை. ஆனால் அவனுக்கு லிஃப்டும் இல்லை. எங்கள் லிஃப்டின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடியில் பார்ப்பது திரும்பிப் பார்ப்பதாகுமா என்று கிரேக்கர் சொல்லி வைக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மேலே கதவு திறந்தபோதும் கண்ணைத் திறக்கவில்லை. நேரே போய்ச் சொக்லேட் விற்கிற இயந்திரத்தில் மோதினேன்.

"என்னடா, கண்ணை மூடிக்கொண்டே நடக்கிறாய்?" என்றார் பெரியம்மா.

"ஒண்டுமில்லை."

வாசலில் சக்கரச் சத்தம் நின்றது. அப்பா காரை எடுக்கப் போயிருந்தார். எனக்கு முன்னால் மழை. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அப்படியொரு நிமிடம் என் வாழ்க்கையில் பிறகு வரவில்லை, கலியாண நாள் உட்பட.

"தம்பி, இஞ்ச வந்து அம்மாவின்ர கையைப் பிடி. எழும்பப் போறா."

கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தை மழையிலேயே வைத்தபடி, கையை மட்டும் பின்னால் நீட்டினேன், தொடர் ஓட்டத்தில் கட்டைக்குக் காத்து நிற்பவனைப் போல. நெடுநேரம் நீட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவின் கை வரவில்லை. பெரியம்மாவின் கை வந்தது, நடுமண்டையில்.

"மாடு மாதிரி வளந்திருக்கிறாய், பெத்த தாயைப் பாக்க என்னடா உனக்கு?"

"விடுங்கோ அக்கா," என்றார் அம்மா. "அவனை ஒண்டும் சொல்லாதேங்கோ."

குரல் அம்மாவுடையதுதான். ஆனால் எவ்வளவோ தூரத்திலிருந்து வந்தது.

காரில் முன் ஆசனத்தில் ஏறினேன். நடுக் கண்ணாடியில் அம்மா தெரிந்துவிடுவார் என்று அதை மேலே திருப்பினேன். அப்பா கீழே திருப்பினார். நான் மேலே. மூன்றாவது தடவை அப்பா வண்டியை ஓரம் கட்டி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மேலே திருப்பியபடியே விட்டுவிட்டு, பக்கக் கண்ணாடிகளை நம்பி ஒனிஹங்காவரை ஓட்டினார்.

ஆக்லாந்தின் மழை பெய்துவிட்டுப் போகிற மழை அல்ல, வந்து தங்குகிற மழை. புதன் போனது, வியாழன் போனது, வெயில் இல்லை. வியாழக்கிழமை பள்ளியில் மிஸ்ஸிடம் டியூப் லைட் வெளிச்சம் வெயிலாகுமா என்று கேட்டேன். ஆகாது என்றார். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். அம்மா தன் அறையிலிருந்து கூப்பிட்டால் கதவுக்கு வெளியே நின்று பதில் சொன்னேன்.

"உள்ளுக்கு வாவன் தம்பி."

"வீட்டுப்பாடம் கிடக்கு."

"இஞ்ச இருந்து செய்யன்."

"அங்க மேசை இல்லை."

அதற்குப் பிறகு அம்மா கூப்பிடவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அப்பா வேலையிலிருந்து பிந்தி வந்தார். கையில் தொப்பி வைக்கிற பெட்டி போல வட்டமாக ஒன்று. பள்ளிக்கூடம் எப்படி என்றுகூடக் கேட்காமல் அறைக்குள் போனார். பெரியம்மாவும் போனார். கதவைச் சாத்தினார்கள். குசுகுசுப்பு, பிறகு பெரியம்மாவின் இருமல். கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் வெளியே வந்தபோது கதவு ஒரு சாண் திறந்தபடி நின்றது. நான் குனிந்த தலையோடு அதைக் கடந்து போனவன்தான்; கண் உள்ளே போய்விட்டது.

ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தோள்வரை மண்ணிறத் தலைமயிர், நுனியில் உள்நோக்கிச் சுருண்டிருந்தது, டிவியில் செய்தி வாசிக்கிறவளைப் போல. அம்மாவின் கட்டிலில், அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்னந்தலையைப் பார்த்தது விதியை மீறியதாகாது என்று ஒருவாறு தேற்றிக்கொண்டேன். அவள்தான் திரும்பியிருந்தாள், நான் திரும்பவில்லை. ஆனால் அவள் யார்? வாசலில் நான் கையை நீட்டியதில் ஏதோ பிழைத்துவிட்டது. பாதாளத்து ராஜா அம்மாவின் குரலை மட்டும் அனுப்பிவிட்டு ஆளை மாற்றிவிட்டான். அப்பாவும் பெரியம்மாவும் அதை எனக்கு மறைக்கிறார்கள், எல்லாவற்றையும் மறைப்பது போல. எனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. பேய்க்குக் கால் நிலத்தில் முட்டாது; இதுவும் பெரியம்மா சொன்னதுதான். வெயில் வர வேண்டும், அவளை வெளியே கூப்பிட வேண்டும், முதலில் காலைப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை காலை சமையலறைத் தரையில் மஞ்சளாக ஒரு துண்டு விழுந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். பெரியம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தார். நான் பின்வளவுக்கு ஓடினேன். கடல் பக்கம் அடுத்த மேகம் கிளம்பிவிட்டது. அதிகம் போனால் பத்து நிமிடம். துணி காயப்போடுகிற கம்பத்துக்குப் பக்கத்தில், வேலியைப் பார்த்தபடி நின்று கத்தினேன்.

"அம்மா, வெளியில வாங்கோ. கெதியா வாங்கோ."

ஜன்னலால் பெரியம்மாவின் தலை வந்தது. "என்னடா கத்துறாய்? அவவால நடக்கேலாது. ஈரப் புல்லு, தடிமன் பிடிக்கும்."

"வரச் சொல்லுங்கோ பெரியம்மா."

"நீ உள்ளுக்கு வந்து கதை."

"ஏலாது."

"மூண்டு நாளா முகங்குடுக்காதவர், இப்ப ஓடர் போடுறார்," என்றார் பெரியம்மா. உள்ளே ஏதோ பேச்சு நடந்தது. ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"நான் போறன் அக்கா."

"அப்ப அதைப் போட்டுக்கொண்டு போ பிள்ளை."

"வேண்டாம். எப்பவோ ஒரு நாள் பாக்கத்தானே வேணும்."

பின்கதவு திறந்தது. செருப்புச் சத்தம், நிறுத்தம், மறுபடி செருப்புச் சத்தம். மேகத்தின் நுனி வெயிலைத் தொட்டுவிட்டிருந்தது.

"வந்திட்டன் தம்பி."

"வெயில்ல நிக்கிறியளோ?"

"ஓம்."

"முழுக்கவோ? வீட்டு நிழல் படேல்லையோ?"

ஒரு அடி எடுத்து வைக்கும் சத்தம். "இப்ப முழுக்க."

திரும்பினேன். தலையைக் குனிந்து கால்களைப் பார்த்தேன். அப்பாவின் பெரிய ரப்பர் செருப்புகள். இதில் எதை நம்புவது? "செருப்பைக் கழட்டுங்கோ," என்றேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றினார். கால் ஈரப் புல்லில் பட்டது, புல் மடிந்தது. விரலில் மிஞ்சி இருந்தது. இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டேன். அம்மா அவ்வளவு நேரமும் அசையாமல் நின்றார்.

பிறகுதான் நிமிர்ந்தேன். தலையில் ஒன்றுமே இல்லை. மண்ணிறமும் இல்லை, கறுப்பும் இல்லை. அதற்குக் கீழே இருந்த முகம் அம்மாவுடையது. கண் கலங்கியிருந்தது, வெயில் கூசுகிறது என்று நினைத்தேன். எனக்கு வந்த நிம்மதியில் வாயில் அகப்பட்ட முதல் வார்த்தையைச் சொன்னேன்.

"அம்மா, உங்கட காது எவ்வளவு பெரிசு."

அம்மா சிரிக்கத் தொடங்கினார். நிற்க முடியாமல் துணிக் கம்பியைப் பிடித்தார். அது சுற்றுகிற கம்பி. அவரையும் இழுத்துக்கொண்டு அரை வட்டம் போனது. நான் ஓடிப் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். பெரியம்மா ஒரு கையில் போர்வையும் மறு கையில் புட்டு அகப்பையுமாக வந்து எங்கள் இருவரையும் பொதுவாகத் திட்டினார். மழை தொடங்கியது.

ஓர்பியஸ் தோற்ற இடத்தில் ஒனிஹங்காவில் ஒருவன் வென்றுவிட்டான். கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. வட்டப் பெட்டி அலமாரிக்கு மேலே போய்விட்டது. அந்தச் செய்தி வாசிக்கிற பெண் எங்கே போனாள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. தோற்றவர்களைப் பற்றி விசாரிப்பது நாகரிகம் அல்ல.

அம்மா பிழைத்தார். தலைமயிர் மறுபடி வந்தது, முன்பு இல்லாத சுருளோடு. இப்போது கிளென் ஈடனில் எங்களோடு இருக்கிறார். சில வருடங்களுக்கு முன் கோயிலில் பழக்கமான ஒரு பெண்ணுக்கு அதே வருத்தம் வந்தது. அம்மா தொலைபேசியில் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் சமையலறையில் நின்று கேட்டேன். அம்மா இப்போது அந்தப் பெயரை இருமாமல் சொல்கிறார்.

"தலைமயிர் விஷயத்தைப் பிள்ளையளுக்கு முதலே சொல்லிப்போடும். நான் மறைக்கப் போய், திரையை இழுத்துவிட்டுக்கொண்டு கிடந்தனான். எப்பிடியோ அவனுக்குத் தெரிஞ்சிட்டுது. வீட்டை வந்து மூண்டு நாள் என்ர பெடியன் என்ர முகத்தைப் பாக்கேல்லை. கையை நீட்டுறான், முகத்தை அங்கால வைச்சுக்கொண்டு. எனக்கு அந்தக் கையைப் பிடிக்க மனம் வரேல்லை. அதுக்குப் பிறகுதான் இவர் ஊரெல்லாம் திரிஞ்சு பொய்முடி வாங்கிக்கொண்டு வந்தவர். அதிலயும் கறுப்புக் கிடைக்கேல்லை."

என் கையில் தேத்தண்ணீர்க் கோப்பை இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அம்மா தொலைபேசியை வைத்தபின் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஓர்பியஸ், பாதாளம், பாட்டு, லிஃப்ட், ரவுண்டபவுட், மண்ணிறக்காரி எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருடம் பிந்திய வாக்குமூலம். அம்மா பயறில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் இன்னும் இரண்டு கல்லைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"அவன் பாட்டுக்காரன் எண்டுதானே சொன்னனீ?"

"ஓம்."

"வாயிருந்ததுதானே. பின்னால வாறியோ எண்டு ஒருக்காக் கேட்டிருந்தா, அவள் ஓம் எண்டிருப்பாள்."